கடலோரத்துப் பழைய ஆஸ்பத்திரிக் கட்டடங்கள்: கல்லும் காரையும் உப்பும்

பாம்பனிலிருந்து:
1964 டிசம்பர் புயலுக்கு முன் தனுஷ்கோடியில் சிறிய ரயில்வே ஆஸ்பத்திரி இருந்தது. அந்தக் காலத்துக் கட்டுமானத்தை இன்றும் பார்க்க, அங்கே நிற்கும் தேவாலயச் சுவரின் பக்கத்தில் போனால் போதும். பூச்சு உதிர்ந்த இடத்தில் பவளக்கல் தெரியும். எடை குறைவு, உடம்பெல்லாம் துளை. சுண்ணாம்புக் காரை அதில் புகுந்து இறுகப் பிடிக்கும். உப்பும் அதே வழியாகத்தான் ஏறும். இப்போது பவளப்பாறைக்கு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பாதுகாப்பு உண்டு, புதிதாக வெட்ட முடியாது. ஆகவே இருக்கிற கல்லைக் காப்பாற்றுவதே வேலை.

கீழக்கரையிலிருந்து, கொத்துவேலை:
அண்ணன் சொன்ன அந்தக் கல்மேல் சிமெண்ட் பூசவே கூடாது. அடியிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னால் உப்பு பூக்கும். கல் மாவாகி, பூச்சு பாளம் பாளமாக விழும். சிமெண்டுக்குப் பதில், தண்ணீர் விட்டு நீற்றிப் புளிக்கவைத்த சுண்ணாம்பு 1 பங்கு, கழுவிய ஆற்றுமணல் 3 பங்கு. கடல்மணல், உப்புத்தண்ணீர் இரண்டும் ஆகாது. ஒரு பூச்சு 12 மி.மீ.க்கு மேல் போகவேண்டாம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் பூசினால் உடனே காய்ந்து வெடிக்கும். ஈரச்சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரமாவது காக்கவேண்டும்.

மண்டபத்திலிருந்து:
பாய், பூசுவதற்கு முன் உப்பை இறக்குவது எப்படி?

கீழக்கரையிலிருந்து, கொத்துவேலை:
நல்ல தண்ணீரில் ஊறிய காகிதக்கூழை 2 செ.மீ. கனத்துக்கு அப்பி, காய்ந்ததும் உரித்துச் சாக்கில் கட்டி அப்புறப்படுத்துங்கள். சுவரடியில் போட்டால் மழையில் கரைந்து திரும்ப ஏறும். உரித்த கூழை வாலைவடிநீரில் கரைத்து வடிகட்டி வெள்ளி நைட்ரேட் சொட்டு விடுங்கள். பால்போல் வெளுத்தால் உப்பு இன்னும் வருகிறது, இன்னொரு தடவை அப்பவேண்டும்.

ராமநாதபுரத்திலிருந்து, கட்டடப் பொறியாளர்:
சுவரைவிடக் கூரைதான் ஆளை விழுங்கும். மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய தட்டைக் கூரையில் தேக்குக் கட்டைகளின்மேல் மெல்லிய செங்கலைச் செங்குத்தாக, மூலைவாட்டில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து 10 செ.மீ. பரப்புவார்கள். கடுக்காய், வெல்லத்தண்ணீர் தெளித்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து 7.5 செ.மீ. ஆக்கி, அதன்மேல் தட்டை ஓடு பதிப்பார்கள். கெடுவது நடுவில் அல்ல, கட்டை சுவருக்குள் நுழையும் முனையில். மழைநீர்க் குழாய் அடைத்தால் தண்ணீர் அங்கேதான் இறங்கும். கூர்மையான கம்பியால் குத்திப் பாருங்கள். எளிதாக இறங்கினால் மேலே எதுவும் செய்யாமல் முதலில் முட்டுக் கொடுக்கவேண்டும். இரும்பு உத்திரமும் செங்கல் வளைவுமாக உள்ள கூரை கடலோரத்தில் இன்னும் மோசம்: துரு இரும்பைவிடப் பல மடங்கு பருமன், வளைவைப் பிளந்துவிடும்.

நீண்ட வார்டும் எதிரெதிர் ஜன்னலும் சுவரின் உயரத்தில் வைத்த காற்றுத் திறப்புகளும் அழகுக்கு வைத்தவை அல்ல. கெட்ட காற்றால் நோய் பரவும் என்று 19-ஆம் நூற்றாண்டில் நம்பியதால் வந்த அமைப்பு. காரணம் தவறானாலும் அந்தக் காற்றோட்டம்தான் சுவரை உலர வைக்கிறது. ஏசிக்காக அதை அடைத்த அறைகளில் பூஞ்சை முதலில் கட்டை முனையில் பிடிக்கும்.