மோஷன் டெஸ்ட் நார்மல், பேதி மட்டும் நிற்கவில்லை

போடிக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

என் தம்பிக்கு 34 வயது. வண்டன்மேடு பக்கம் ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்துகிற வேலை. ராத்திரியெல்லாம் அடுப்பைப் பார்க்க வேண்டும் என்பதால் அங்கேயே தங்கல், வாரம் ஒருமுறை ஜீப் ஏறி வீட்டுக்கு வருவான். மூன்று மாதம் முன்பு ஹெச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. சி.டி.4 (எதிர்ப்புச் சக்தி அணுக்களின் எண்ணிக்கை) வெறும் 58. ஏ.ஆர்.டி. (ஹெச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சை) சென்டரில் ராத்திரிக்கு மூன்று மருந்து சேர்ந்த டி.எல்.டி. மாத்திரையும் காலையில் ஒரு பெரிய வெள்ளை மாத்திரையும் கொடுத்தார்கள். வெள்ளை மாத்திரை குமட்டுகிறது என்று பத்தே நாளில் அவனாக விட்டுவிட்டான்.

இப்போது ஏழு வாரமாகப் பேதி. தண்ணீராகத்தான் போகிறது, ஒரு நாளைக்கு எட்டு, பத்து முறை. ரத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை. 61 கிலோ இருந்தவன் 47க்கு வந்துவிட்டான். பக்கத்து கிளினிக்கில் மெட்ரோனிடசோல் ஐந்து நாள் கொடுத்தார்கள். பூச்சி மாத்திரை இரண்டு முறை போட்டாயிற்று. தனியார் லேபில் இரண்டு தடவை மோஷன் டெஸ்ட் எடுத்தோம். இரண்டிலும் ‘முட்டை, சிஸ்ட் எதுவும் காணவில்லை’.

எங்கள் அத்தை, “எல்லாம் அந்த மாத்திரைச் சூடு, நிறுத்துடா” என்கிறார். அவனும் அந்தப் பக்கம் சாய்கிறான். நிறுத்தலாமா? டெஸ்ட்டில் ஒன்றுமே இல்லையென்றால் அப்புறம் எதனால் போகிறது? கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்: வீட்டில் ஒரே கழிப்பறை, என் மகளுக்கு 4 வயது. பயப்பட வேண்டுமா?

வேம்பு_65:
சகோதரி, கவலை வேண்டாம். இங்கிலீஷ் மருந்தை ஒரு மண்டலம் நிறுத்திவிட்டு வேப்பங்கொழுந்தும் சுண்டைக்காய் வற்றலும் கொடுங்கள். குடல் பூச்சி எல்லாம் வெளியேறிவிடும்.

பழைய_லேப்_ஆள்:
வேம்பு ஐயா, சுண்டைக்காய் வற்றலை நானும் விரும்பிச் சாப்பிடுவேன். ஆனால் சி.டி.4 58 உள்ள பையனிடம் ஏ.ஆர்.டி.யை நிறுத்தச் சொல்வது ரொம்பத் தப்பு. அம்மா, டி.எல்.டி.யை ஒரு வேளை கூட நிறுத்த விடாதீர்கள்.

நான் அரசு ஆஸ்பத்திரி லேபில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். 2004இல் இலவச ஏ.ஆர்.டி. வருவதற்கு முந்தைய வார்டுகளைப் பார்த்திருக்கிறேன். பேதியிலேயே உருகிப் போவார்கள். 1980களில் உகாண்டா மக்கள் இந்த நோயை ‘ஸ்லிம்’ (மெலிவு) என்றே அழைத்தார்கள். அந்த வார்டைப் பார்த்தவனுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

சரி, உங்கள் டெஸ்ட்டுக்கு வருகிறேன். சாதாரண மோஷன் டெஸ்ட் என்பது ஒரு துளி உப்புநீர், ஒரு துளி அயோடின், கண்ணாடித் துண்டை மூடி இரண்டு நிமிடம் பார்ப்பது. நாக்குப்பூச்சி, கொக்கிப்புழு முட்டை, அமீபா, ஜியார்டியா இதில் தெரியும். ஆனால் எதிர்ப்புச் சக்தி விழுந்தவர்களுக்கு வருகிற கிரிப்டோஸ்போரிடியம், ஐசோஸ்போரா (இப்போது சிஸ்டோஐசோஸ்போரா என்று பெயரை நீட்டிவிட்டார்கள்), சைக்ளோஸ்போரா எல்லாம் வேறு ரகம். அவை புழுவும் இல்லை. ஒற்றைச் செல் உயிர்கள், குடல் சுவரின் செல்லுக்குள்ளேயே குடியிருப்பவை. பூச்சி மாத்திரை இவற்றை ஒன்றும் செய்யாது.

இவற்றைப் பார்க்க ‘மாடிஃபைட் ஆசிட் ஃபாஸ்ட்’ சாயம் போட வேண்டும். பெரிய வித்தை இல்லை. சளியில் டி.பி. கிருமிக்குப் போடுகிற அதே சிவப்புச் சாயம்தான், கழுவுகிற அமிலத்தை மட்டும் நீர்க்கச் செய்துகொள்வோம். நீலப் பின்னணியில் கிரிப்டோ சின்னச் சிவப்பு உருண்டையாகத் தெரியும், 4 முதல் 6 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). ரத்தச் சிவப்பணுவை விடச் சிறிசு. சாயம் இல்லாமல் பார்த்தால் ஈஸ்ட் என்று தள்ளிவிடுவார்கள். நானே ஆரம்பத்தில் அப்படித் தள்ளியிருப்பேன், எத்தனை பேருடையது என்று இப்போது நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. சைக்ளோஸ்போரா அதைப் போல் இரண்டு மடங்கு. ஐசோஸ்போரா நீளமாக, 25, 30 மைக்ரான் வரும்.

சீட்டில் அந்தப் பெயரை எழுதித் தரும்படி ஏ.ஆர்.டி. சென்டர் டாக்டரிடம் கேளுங்கள். ஒரே நாள் போதாது. இவை தினமும் வெளியே வருவதில்லை, அதனால் வெவ்வேறு நாட்களில் மூன்று சாம்பிள் கொடுங்கள். மைக்ரோஸ்போரிடியா என்று இன்னொன்று உண்டு, அதற்குத் தனிச் சாயம். முதலில் இதைப் பாருங்கள்.

அந்த வெள்ளை மாத்திரை கோட்ரைமாக்சசோலாகத்தான் இருக்கும், செப்ட்ரான் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது நிமோனியாவுக்கு மட்டும் காவல் இல்லை, ஐசோஸ்போராவுக்கும் காவல். அதை விட்ட பிறகு பேதி தொடங்கியதா என்று தேதி பாருங்கள்.

குழந்தை விஷயம். ஐசோஸ்போரா வெளியே வந்ததும் தொற்றாது, மண்ணில் ஒன்றிரண்டு நாள் கிடந்து முற்ற வேண்டும். கிரிப்டோ அப்படியில்லை, வெளியே வரும்போதே தயாராக வரும். எது என்று தெரிகிறவரை சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சானிடைசர் இதற்கு உதவாது, தண்ணீரில் குளோரின் போட்டாலும் கிரிப்டோ சாகாது. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சுத்திகரித்த குழாய்த் தண்ணீரிலேயே இது புகுந்து சுமார் 4 லட்சம் பேருக்குப் பேதி வந்தது. நன்றாகக் கொதிக்க வைத்தால் போதும், செத்துவிடும்.

சேலம்_பாசிட்டிவ்:
அக்கா, எனக்கு ஒன்பது வருடம் முன்பு இதே கதை, ஐசோஸ்போரா. லேப் சார் சொன்ன சாயத்தில்தான் சிக்கியது. கோட்ரைமாக்சசோல் டபுள் ஸ்ட்ரெங்த், தினம் நான்கு வேளை, பத்து நாள். மூன்றாம் நாளே நின்றது. நான் கெட்டிக்காரத்தனமாக அதோடு எல்லாவற்றையும் விட்டேன், இரண்டு மாதத்தில் திரும்ப வந்தது. அப்புறம் சி.டி.4 200ஐத் தாண்டி ஆறு மாதம் நிலைக்கிற வரை வாரம் மூன்று மாத்திரை. தம்பிக்கு எவ்வளவு என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். கோட்ரைமாக்சசோலும் சல்ஃபா ரகம்தான், அதனால் சல்ஃபா மருந்துக்கு முன்பு எப்போதாவது தடிப்பு வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். குமட்டினால் வெறும் வயிற்றில் வேண்டாம், இரண்டு இட்லிக்குப் பிறகு போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. வயிறு எரிகிறது என்று ஜெலுசில் குடிக்கிறானா? டி.எல்.டி.யில் உள்ள டோலுடெக்ராவிரை அது உடம்பில் சேர விடாது. மாத்திரை போட்டு 2 மணி நேரமாவது கழித்துத்தான் அதைக் குடிக்கலாம். முன்னாடியே குடித்துவிட்டால் மாத்திரைக்கு 6 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டரில் கரையுங்கள், டம்ளரில் பாதி பாதியாகப் போடாதீர்கள். ராத்திரியில் தலைசுற்றல் வந்தாலோ சிறுநீர் குறைந்தாலோ விடியட்டும் என்று உட்காராதீர்கள்.

போடிக்காரி:
பதினெட்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். சீட்டு வாங்கிப் பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்தோம். முதல் சாம்பிளில் ஒன்றும் இல்லை. ‘சொன்னேனே’ என்று அத்தை முகத்தில் எழுதியிருந்தது. இரண்டாவதில் கிடைத்துவிட்டது, ஐசோஸ்போரா. லேப் அம்மா என்னையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்க விட்டார். நீல நிறத்தில் சிவப்பாக, உமி நீக்காத நெல் மாதிரி ஒன்று. இத்தனை நாள் இவனை உருக்கியது இதுதானா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

பேதி தொடங்கியது வெள்ளை மாத்திரையை விட்டு மூன்றாவது வாரம். காலண்டரைப் பார்த்துக் கணக்குப் போட்டோம். பத்து நாள் மருந்து முடிந்தது, நான்காம் நாளே நின்றுவிட்டது. இப்போது 50 கிலோ. அத்தையே காலையில் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் அந்த மாத்திரையை எடுத்து வைக்கிறார்.

அடுத்த மாதம் வேலைக்குப் போக வேண்டும் என்கிறான். அங்கே ஓடைத் தண்ணீர்தான், குழாய் போட்டு டேங்க்கில் விடுவார்கள். என்ன செய்வது?

பழைய_லேப்_ஆள்:
ராத்திரி முழுக்க அவன் பார்த்துக்கொள்கிற அடுப்பு இருக்கிறதே அம்மா. ஒரு பெரிய பானையை அதன் மேல் வைக்கச் சொல்லுங்கள். தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம், அவ்வளவுதான். பாத்திரத்தை மூடி வைத்து ஆற விடட்டும். பல் தேய்க்கிறதுக்கும் அந்தத் தண்ணீர்தான்.