சிப்செட் ஹீட்சிங்க் மாற்றின ஆக்கள் யாராவது இருக்கிறீங்களா?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். வெள்ளவத்தையில் வீட்டில் இருந்து கலியாண வீடியோ எடிட்டிங் செய்கிறன். 2020இல் பூட்டின கம்ப்யூட்டர், ஏஎம்டி எக்ஸ்570 சிப்செட் இருக்கிற மதர்போர்ட். அதின்ர சிப்செட்டுக்கு (போர்டின்ர பாகங்களை இணைக்கிற சிப்) மேல் இருக்கிற சின்ன ஃபேன் இப்ப கரகரவென்று சத்தம் போட்டு இடைக்கிடை நின்றும் போகுது. தூசி துடைத்துப் பார்த்தன், இரண்டு நாள்தான் சரி. நின்றால் ரெண்டரிங் நேரம் சிப்செட் 85 பாகைக்குப் போகுது. அறையில் ஏசி இல்லை, கொழும்புப் புழுக்கம் உங்களுக்குத் தெரியும்தானே.

ஃபேனே இல்லாத செப்பு ஹீட்சிங்க் (சூட்டை இழுத்து வெளியேற்றுற உலோகத் துண்டு) ஒன்று போட ஆசை. சிப்செட் கிட்டத்தட்ட 11 வாட்தான் என்றபடியால் காற்றோட்டம் இருந்தால் தாங்கும் என்று நினைக்கிறன். பிரச்சினை உயரம். கிராஃபிக்ஸ் கார்ட் சரியாக அதுக்கு மேலாலதான் போகுது, அளந்து பார்த்தால் 14 மில்லிமீற்றர்தான் இடைவெளி. திருகாணி ஓட்டைகளின் தூரமும் போர்டுக்குப் போர்டு வேறாம். ஒட்டுற தெர்மல் டேப்பை நான் நம்பேல்லை. கேஸ் நிமிர்ந்து நிற்கிறபடியால் பாரமான செப்பு சூட்டில் கழன்று கார்டில் விழுந்தால் முடிஞ்சுது.

இல்லாட்டி பழைய ஹீட்சிங்கை வைத்துக்கொண்டு நொக்டுவா கம்பனியின்ர 40 மில்லிமீற்றர் ஃபேனை மட்டும் பூட்டலாமா? அது 10 மில்லிமீற்றர் தடிப்பு.

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் இப்படியான சாமான் கண்டனீங்களா? சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் இடையில் தெர்மல் பேஸ்டா, தெர்மல் பாடா நல்லம்? செய்து பார்த்தவை படத்தோடு சொன்னால் பெரிய உதவி. அடுத்த கிழமை இரண்டு கலியாணம் முடிச்சுக் குடுக்க வேணும்.