சாய்ந்தாடும் பொம்மை: எடையைப் பிள்ளை வைக்கட்டுமா, நாமே வைத்துக் கொடுப்பதா?

காவிரிக்கரை:
காலாண்டு லீவும் நவராத்திரியும் அடுத்தடுத்து வருகின்றன. பிள்ளைகளோடு உட்கார்ந்து கொலுவுக்கு ஏதாவது செய்ய நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது, தள்ளிவிட்டாலும் எழுந்து நிற்கும் தஞ்சாவூர் பொம்மை. கடையில் விற்கும் ராஜா ராணியின் வழவழப்பு வராது. ஆனால் நிற்கும். 7 வயதுப் பிள்ளையிலிருந்து செய்யலாம்.

அடிப்பாகத்துக்கு 10 செ.மீ. குறுக்களவுள்ள பிளாஸ்டிக் பந்து. பாதிப் பந்தின் மேல் தேங்காய் எண்ணெய் தடவி, செய்தித்தாளை 2 செ.மீ. பட்டைகளாகக் கிழித்து ஒட்ட வேண்டும். கத்தரிக்கோல் வேண்டாம். கிழித்த ஓரம் மெலிந்திருக்கும், ஒன்றின் மேல் ஒன்று படியும்; வெட்டிய ஓரம் வர்ணம் அடித்த பிறகும் கோடு கோடாகத் தெரியும். முதல் அடுக்குக்குத் தண்ணீர் மட்டும், பசை கூடாது. அப்போதுதான் காய்ந்ததும் பந்திலிருந்து கழன்று வரும். அதற்கு மேல் பசையோடு 6 அடுக்கு. தமிழ்ப் பேப்பர் ஓர் அடுக்கு, இங்கிலீஷ் பேப்பர் ஓர் அடுக்கு என்று மாற்றி ஒட்டச் சொல்லுங்கள். எங்கே விட்டுப்போயிற்று என்று பிள்ளையே எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடும்.

பசைக்கு ஒரு கப் மைதாவை ஒரு கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற மூன்று கப் தண்ணீரில் ஊற்றி, நிறம் மங்கிக் கண்ணாடி போல் ஆகும்வரை கிளற வேண்டும். இது பெரியவர்கள் வேலை.

மேல்பாகம் சார்ட் அட்டையில் 10 செ.மீ. உயரக் கூம்பு, தலைக்குக் கசக்கிய பேப்பர் உருண்டை. இரண்டின் மேலும் மூன்றடுக்குப் பேப்பர்.

அடியில் எடை எவ்வளவு, எங்கே என்பதை மட்டும் நாம் சொல்லிவிடக் கூடாது. இந்தப் பொம்மையில் பிள்ளை யோசித்துச் செய்ய வேண்டிய இடம் அது ஒன்றுதான்.

சாந்தி டீச்சர்:
எனக்கு இதில் உடன்பாடில்லை. இரண்டடுக்குக்கு ஒருமுறை நிழலில் காயவிட வேண்டும், அதற்கே மூன்று நான்கு நாள் ஆகிவிடும். புரட்டாசியில் மழை பிடித்தால் வாரம் தாண்டும். 7 வயதுப் பிள்ளையின் ஆர்வம் இரண்டாம் நாளே வடிந்துவிடும், மீதியை அம்மாவும் அப்பாவும் செய்து முடிப்பார்கள். கண்காட்சி மேசையில் 'பிள்ளை செய்தது' என்று வரும் பொருள்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் ரப்பர் அச்சும் போதும். இரண்டு கப் தூளுக்கு ஒரு கப் தண்ணீர். தண்ணீரில்தான் தூளைத் தூவ வேண்டும். தூளில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். மெதுவாகக் கலக்கி அச்சில் ஊற்றி, குமிழி மேலே வர அச்சை இரண்டு தட்டுத் தட்டினால், அரை மணியில் பொம்மை கையில். மறுநாள் வர்ணம். பிள்ளைக்கு 'நான் முடித்தேன்' என்ற நிறைவு கிடைக்கும். அது சின்ன விஷயமில்லை.

வாசுகி:
டீச்சர், நிறைவு முக்கியம்தான். ஆனால் பிளாஸ்டரை இவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அது இறுகும்போது சூடாகும். மொத்தமாக இருந்தால் 60 டிகிரி வரை போகும். பிள்ளையின் கையை அச்செடுக்கிறேன் என்று விரலைப் பிளாஸ்டருக்குள் புதைத்து வைப்பது ஆபத்து. சுடுகிறதென்று இழுப்பதற்குள் கெட்டியாகிவிடும், தோல் வெந்துபோகும். தூளைக் கொட்டும்போது பறக்கும் புழுதிக்கு மூக்கை மூட வேண்டும். கலக்கிய பாத்திரத்தைத் தொட்டியில் கழுவினால் குழாய்க்குள்ளேயே இறுகி அடைத்துக்கொள்ளும். மிச்சத்தைப் பாத்திரத்திலேயே இறுகவிட்டு உடைத்துக் குப்பையில் போட வேண்டும்.

அதோடு அச்சில் ஊற்றி எடுப்பதில் பிள்ளைக்கு என்ன வேலை இருக்கிறது? ஊற்றுவது நாம், உருவம் அச்சுக்காரருடையது.

பைண்டிங் பாலு:
காவிரிக்கரை அண்ணே, வெறும் மைதாப் பசைன்னா கரப்பானும் வெள்ளிமீன் பூச்சியும் அடுத்த கொலுவுக்குள்ள தின்னு தீர்த்துடும். பசை இறக்கும்போது அரை ஸ்பூன் மயில்துத்தம் போடுங்க. போஸ்டர் ஒட்டுறவங்க, பைண்டிங் வேலைக்காரங்க காலங்காலமா போடுறது அதுதான். வருஷக்கணக்கா நிக்கும்.

வாசுகி:
பாலு தம்பி, பைண்டிங்குக்குச் சரி. மயில்துத்தம் என்பது காப்பர் சல்ஃபேட். வயிற்றுக்குள் போனால் வாந்தியும் வயிற்றுவலியும். அளவு கூடினால் ஈரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். பிள்ளைகள் ஒருமணி நேரம் பசைக்குள் கைவிட்டுக்கொண்டிருப்பார்கள், இடையில் விரலைச் சப்புவார்கள், மூக்கைத் தேய்ப்பார்கள். இந்த வேலையில் அதற்கு இடமே இல்லை.

நம் பாட்டிமார் பேப்பர் கூடை செய்யும்போது வெந்தயம் சேர்த்து அரைத்தார்கள். இரண்டு டேபிள்ஸ்பூன் வெந்தயத்தை இரவு ஊறவைத்து, மையாக அரைத்து, ஒரு கப் மைதாப் பசையில் கலந்தால் ஒட்டும் கூடும், பூச்சியும் குறையும்.

பைண்டிங் பாலு:
பிள்ளைங்க கைக்குத் துத்தம் வேண்டாம்னா சரி அக்கா, விட்டுடலாம். ஆனா வெந்தயம் போட்டா மட்டும் பூச்சி நிக்காது. பூச்சி வர்றதே மாவுச்சத்துக்குத்தான். அதுக்கு ஃபெவிகாலைச் சரிபாதி தண்ணி விட்டுக் கரைச்சு ஒட்டிடுங்க, மாவே கிடையாது. 6 அடுக்குக்கு 150, 200 கிராம் ஃபெவிகால் போகும். செலவு கூடும், ஆனா சீக்கிரம் காயும், பூஞ்சையும் வராது. மைதாதான்னா, ஒரு அடுக்கு காயாம அடுத்ததை ஏத்தாதீங்க. மேல காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள ஈரம் நின்னு கறுப்பா பூத்துடும்.

காவிரிக்கரை:
பாலு சொல்வது சரியான கணக்கு. மழை நாளில் ஃபெவிகால், வெயில் நாளில் மைதா.

சாந்தி டீச்சருக்கு: காயும் நேரம் வீண் நேரமில்லை. முதல் நாள் அடிப்பாகம், மறுநாள் கூம்பு, அடுத்த நாள் தலை என்று பிரித்துக்கொண்டால் ஒன்று காயும்போது இன்னொன்று நடக்கும். ஒரு நாளைக்கு 40 நிமிடத்துக்கு மேல் உட்கார வைக்கவே வேண்டாம்.

மேசைவிளக்கு:
எடையைப் பிள்ளையிடம் விடுங்கள் என்று சொல்கிறீர்கள். விடுவதற்கு முன் நாமாவது கணக்கை அறிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எத்தனை முறை மாற்றி வைத்தாலும் நிற்க வாய்ப்பே இல்லாத பொம்மையோடு பிள்ளை மல்லுக்கட்டும்.

விதி எளிது. அடிப்பாகம் கோளத்தின் பாதி. அந்தக் கோளத்தின் மையம், 10 செ.மீ. பந்து என்றால், அரைக்கோள விளிம்பு மட்டத்தில் நடுவில் இருக்கும். மொத்தப் பொம்மையின் எடை மையம் அந்தப் புள்ளிக்குக் கீழே இருந்தால் எழும், மேலே போனால் படுக்கும். விளிம்புக்குக் கீழே இருப்பது உதவி, மேலே இருப்பது எதிரி. ஒவ்வொன்றின் எடையையும் விளிம்பிலிருந்து அதன் தூரத்தையும் பெருக்கிப் பாருங்கள். கீழே வரும் மொத்தம் மேலே வருவதைவிடக் கூடினால் பொம்மை எழும்.

காவிரிக்கரை சொன்ன அளவில் கூம்பு உடம்பு சுமார் 25 கிராம், அதன் மையம் விளிம்புக்கு 3.5 செ.மீ. மேலே: 87. பேப்பர் தலை 15 கிராம், 11.5 செ.மீ. உயரத்தில்: 172. மேலே மொத்தம் சுமார் 260. அடியில் 2.5 செ.மீ. ஆழத்துக்கு மணல் நிரப்பினால், க.செ.மீ.க்கு 1.6 கிராம் என்று வைத்தால் 130 கிராம் வரும், அதன் மையம் 3.4 செ.மீ. கீழே: 440. நன்றாக எழும்.

இப்போது பிள்ளை தலையை மட்டும் களிமண்ணில் செய்ய ஆசைப்படுகிறது, 60 கிராம் என்று வையுங்கள். மேலே 777 ஆகிவிடும். அடியை விளிம்புவரை மணலால் நிரப்பினாலும் 785தான். மயிரிழையில் நிற்கும், தலையில் ஒரு கிரீடம் ஒட்டினால் விழும். பெரும்பாலும் பொம்மை விழுவதற்கு அடியில் எடை போதாதது காரணமல்ல, தலை கனம்தான் காரணம். விளிம்புக்கு மேலே கூம்புக்குள்ளும் மணலைக் கொட்டினால் பொம்மை இன்னும் எளிதில் விழும்.

தேங்காய்ச் சிரட்டையை அடியாக வைக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். சிரட்டை அரைக்கோளமல்ல, நுனி கூர்ந்திருக்கும். அந்த இடத்தில் வளைவின் ஆரம் சிறியது, அதனால் எடை இன்னும் தாழ்வாக இருந்தாக வேண்டும். எவர்சில்வர் கிண்ணத்தின் மேல் அச்செடுத்தால் அடி தட்டையாகிவிடும். அது ஆடவே ஆடாது.

சாந்தி டீச்சர்:
நீங்கள் போட்ட கணக்கே என் பக்கத்தைத்தான் சொல்கிறது. 60 கிராம் தலைக்கும் 15 கிராம் தலைக்கும் இடையில் பொம்மையின் தலையெழுத்தே மாறுகிறது என்றால், அதை 7 வயதுப் பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்? நான்கு தடவை விழுந்தால் பொம்மையை மூலையில் வைத்துவிட்டுப் போய்விடும். பெரியவர் எடையை வைத்து, நிற்கும் பொம்மையைக் கையில் கொடுக்கட்டும். பிள்ளை முகம் எழுதட்டும், சேலை கட்டட்டும். அதிலும் கற்பனை இருக்கிறது.

காவிரிக்கரை:
டீச்சர், விழுவதில் தப்பில்லை. ஒட்டிய பிறகு விழுந்தால்தான் தப்பு. அதனால் எதையும் ஒட்டாமல் சோதிக்கிற வழியைச் சொல்கிறேன்.

ஈரக் களிமண்ணை 20 கிராம் உருண்டைகளாக 12 பிடித்து வையுங்கள். சமையலறைத் தராசு போதும். அடிப்பாகத்தையும் கூம்பையும் தலையையும் செல்லோடேப்பால் மட்டும் பிடிக்கவிடுங்கள். பிள்ளை ஓர் உருண்டையை அடியில் அமுக்கி, மேலே மூடி, பொம்மையைப் படுக்கவைத்துக் கையை எடுக்கட்டும். எழவில்லையா, இன்னொன்று. எழுந்தால் எத்தனை உருண்டை என்று எண்ணிக்கொள்ளட்டும். பிறகு அதே உருண்டைகளை உள்சுவரில் மேலே ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதே எடைக்குப் பொம்மை சாய்ந்தே நிற்கும். எடை எவ்வளவு என்பதோடு எங்கே என்பதும் முக்கியம் என்று அது யாரும் சொல்லாமலே தெரிந்துகொள்ளும். கனத்த தலையும் இந்தக் கட்டத்திலேயே மாட்டிக்கொள்ளும், அதை உள்ளீடற்றதாக மாற்ற நேரமிருக்கும்.

களிமண்ணையே நிரந்தரமாக விடக் கூடாது. காய்ந்தால் நீர் போய் எடை குறையும், சுருங்கிச் சுவரை விட்டுக் கழன்று உள்ளே கடகடவென்று உருளும்.

மேசைவிளக்கு:
நிரந்தர எடைக்கு மணலும் ஃபெவிகாலும் என்று பலர் செய்கிறார்கள். 3 செ.மீ. கனத்துக்கு ஒரேயடியாகக் கொட்டினால் மேல் ஓடு மட்டும் காயும், அடி நாள்கணக்கில் ஈரமாகக் கிடக்கும், பேப்பர் அடி ஊறித் தொய்யும். ஒரு செ.மீ. கொட்டி, காய்ந்த பிறகு அடுத்தது என்று போக வேண்டும்.

அவசரமென்றால் டீச்சரின் பிளாஸ்டருக்கு இங்கே சரியான இடம் உண்டு. மணலும் பிளாஸ்டரும் சரிபாதி கலந்து பெரியவர் ஊற்றட்டும். காயக் காத்திருக்காமல் தானே இறுகும், சுருங்காது. ஊற்றுமுன் உள்பக்கம் இரண்டு கை ஃபெவிகால் பூசிக் காயவிடுங்கள், இல்லையென்றால் பேப்பர் தண்ணீரை உறிஞ்சும். தூண்டில் ஈயக்குண்டு போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஈயம் பிள்ளைகள் கைபடும் பொருளில் இருக்கவே கூடாது.

வாசுகி:
ஈயம் என்றதும் வர்ணமும் நினைவுக்கு வருகிறது. பரணில் கிடக்கும் பழைய எனாமல் டப்பாவை எடுக்காதீர்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பாவை நம்ப முடியாது. சாக்பீஸ் தூளை ஃபெவிகால் தண்ணீரில் தோசைமாவுப் பதத்துக்குக் குழைத்து இரண்டு கை பூசி, காய்ந்ததும் 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, அதன் மேல் அக்ரிலிக். போஸ்டர் கலர் போட்டால் மேலே வார்னிஷ் தடவும்போது கண்மை கன்னத்தில் இழுபடும்.

சாந்தி டீச்சர்:
களிமண் உருண்டை வைத்துச் சோதிப்பது நல்ல யோசனை, 8 வயதுக்கு மேல் செய்ய வைக்கலாம். 6 வயதுக்கு நான் இன்னும் எடை வைத்த அடியைத் தயாராகத்தான் கொடுப்பேன், இதில் மாற்றமில்லை. ஒரு கேள்வி. எல்லாம் சரியாக ஒட்டியும் பொம்மை நேராக நிற்காமல் ஒரு பக்கம் தலை சாய்த்தே நிற்கிறது என்றால்?

காவிரிக்கரை:
இரண்டு காரணம் இருக்கலாம் டீச்சர். பொம்மையைச் செங்குத்து அச்சில் சுற்றிவிடுங்கள். எங்கே நின்றாலும் தன்னுடைய அதே தோளைச் சாய்த்து நின்று, தட்டினால் தடையில்லாமல் ஆடுகிறதென்றால் எடை நடுவில் இல்லை. மூடுவதற்கு முன் சாயும் தோளுக்கு எதிர்ப்பக்க உள்சுவரில், விளிம்பு மட்டத்தை ஒட்டி, 2, 3 கிராம் களிமண் ஒட்டிப் பார்த்து, நேரானதும் அதே எடைக்குச் சிறு நட்டு ஒன்றை ஃபெவிகாலில் பதித்துவிடலாம்.

ஆடும்போது ஓர் இடத்தில் சட்டென்று தங்கி நின்றுவிடுகிறதென்றால் அடியில் தட்டை விழுந்திருக்கிறது. ஈரத்தோடு தட்டில் வைத்துக் காயவிட்டால் இப்படித்தான் வரும். விரலால் தடவினால் தெரியாது. அடியில் பென்சில் கரியைத் தேய்த்து வெள்ளைத் தாளில் ஆடவிட்டால், வளைவான இடம் மெல்லிய கோடாகப் பதியும், தட்டையான இடம் திட்டாகப் பதியும். அந்தத் திட்டின் மேல் சாக்பீஸ் குழம்பை மெலிதாக ஏற்றி, காய்ந்ததும் தேய்த்து உருட்டினால் சரியாகும். முதலிலேயே வராமலிருக்க, பந்தைவிட வாய் சிறிய டம்ளரில் பந்தின் வெறும் பாதியை உட்காரவைத்து, பேப்பர் ஒட்டிய பாதி மேலே இருக்கும்படி காயவிடுங்கள்.