முன்கையில் டேப் ஒட்டினால் பிடி கூடுமா? ஊர்க் காசைச் செலவழிக்கும் முன் ஒரு சண்டை

பாளை கார்னர்:
பொங்கல் போட்டிக்கு எங்கள் ஊர் கபடி அணி தயாராகிக்கொண்டிருக்கிறது. அணியில் மூத்தவர் ஒருவர் கொஞ்ச நாளாக முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இழுபடுகிற நீல டேப்பை, கினீசியோ டேப் என்கிறார்களே அதை, ஒட்டிக்கொண்டு வருகிறார். அதை ஒட்டியதிலிருந்து, பாடி வருகிறவன் கணுக்காலைப் பிடித்தால் உதறவே முடியவில்லை என்கிறார். இப்போது ஏழு பேருக்கும் வாங்கணும் என்று பேச்சு கிளம்பியிருக்கிறது. 5 செ.மீ. அகலம், 5 மீட்டர் நீளம் உள்ள சுருள், ஏழு பேருக்கும் இரண்டு கையிலும் ஒட்டினால் ஒரு தடவையிலேயே பெரும்பகுதி காலி. இருப்பது ஊரில் பிரித்த பணம். இதனால் உண்மையிலேயே பிடிவலு கூடுமா, இல்லை அந்தக் காசுக்கு முட்டை வாங்கிப் போடலாமா?

வண்ணாரப்பேட்டை ஜிம் அண்ணாச்சி:
யோசிக்காமல் வாங்கு தம்பி. இது நேற்று முளைத்த சமாச்சாரம் இல்லை, ஜப்பானில் கென்சோ காசே என்பவர் 1970-களில் கொண்டுவந்தது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் கெர்ரி வால்ஷ் தோளில் கறுப்பு டேப்போடு கடற்கரை வாலிபால் ஆடித் தங்கம் வாங்கினாரே, அதற்கப்புறம் உலகம் பூராவும் பரவிவிட்டது.

விஷயம் ஒட்டுகிற விதத்தில் இருக்கு. விரலை மடக்குகிற சதைகளில் முக்கியமானவை முழங்கையின் உள்பக்க எலும்பு முண்டை ஒட்டித்தான் கிளம்புகின்றன. டேப்பின் முதல் இரண்டு விரல் அகலத்தை அங்கே இழுக்காமல் ஒட்டணும், அப்புறம் கையை நீட்டி மணிக்கட்டைப் பின்பக்கமாக வளைத்து வைத்துக்கொண்டு, லேசாக இழுத்து மணிக்கட்டு வரை கொண்டுவந்து, கடைசித் துண்டையும் இழுக்காமல் விடணும். மேலிருந்து கீழே ஒட்டினால் சதைக்கு உசுப்பு, கீழிருந்து மேலே ஒட்டினால் சதை தளரும், மாற்றி ஒட்டிவிடாதே. கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக்கூடாது. மூலைகளை வட்டமாக வெட்டு. ஒட்டியதும் உள்ளங்கையால் நன்றாகத் தேய், அந்தச் சூட்டில்தான் பசை பிடிக்கும். டேப் தோலைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும், அடியில் ரத்த ஓட்டம் நன்றாகும் என்பார்கள். என் ஜிம் பையன்களுக்கு ஒட்டி, பிடி அளக்கிற கருவியை அழுத்தச் சொன்னேன், அளவு ஏறத்தான் செய்தது.

பனங்காட்டு நரி:
வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டினால் இன்ஜின் பெரிசாகுமாவே? வடலிவிளையில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குகிறவனைப் போய்ப் பாரும், மண்ணைத் தொட்டு உள்ளங்கையில் தேய்ப்பான், குனிவான், தூக்குவான். பனையேறிகள் தாத்தா காலத்திலிருந்து எந்த டேப்பை ஒட்டினார்கள்?

ஹைகிரவுண்ட் பிசியோ:
நரி அண்ணாச்சி என் கட்சிதான், ஆனாலும் பனையேறி வாதம் நிற்காது. முழங்கை போனவர்கள் ஏறுவதை நிறுத்தியிருப்பார்கள், நம் கண்ணில் படுவது தாங்கி நின்றவர்கள் மட்டும்தான்.

ஜிம் அண்ணாச்சி சொன்ன ஒட்டும் முறையில் தப்பில்லை, எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். தப்பு, அதனால் வலு கூடும் என்பதில். 2016-ல் வந்த ஓர் ஆய்வில், இந்த டேப்பைப் பற்றி எதுவுமே தெரியாத ஆட்களாகப் பார்த்துச் சேர்த்தார்கள். மணிக்கட்டை நிமிர்த்துகிற முன்கைத் தசைமேல் உசுப்புகிற திசையில் ஒரு தடவை, தளர்த்துகிற திசையில் ஒரு தடவை ஒட்டி, ஒட்டாமலும் பார்த்தார்கள். பிடிவலுவிலும் வித்தியாசம் இல்லை, தசையின் மின்துடிப்பிலும் இல்லை. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்பதெல்லாம் அங்கேயே அடிபட்டுப்போகிறது. அதற்கு முந்தின வருஷம் தொடைத் தசையில் இதைவிட வேடிக்கையாக ஒன்று செய்தார்கள். கண்ணைக் கட்டி, "இது தசையை அளக்கிற சென்சார்" என்று சொல்லியே டேப்பை ஒட்டினார்கள். அதிலும் ஒன்றும் ஏறவில்லை. அதே 2015-ல் 19 ஆய்வுகளைச் சேர்த்து அலசியவர்களும், ஆரோக்கியமான ஆளின் தசைவலுவில் இதன் பலன் கணக்கில் எடுக்கிற அளவுக்கு இல்லை என்றுதான் முடித்தார்கள்.

பிடி கூடியது என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் தன் கையில் என்ன ஒட்டியிருக்கு, எதற்கு ஒட்டியிருக்கு என்று தெரிந்தவன் அழுத்துகிற அழுத்து வேறு. அண்ணாச்சி, உங்கள் பையன்களை முதலில் டேப் இல்லாமல் அழுத்தச் சொல்லிவிட்டு அப்புறம் டேப்போடு சொன்னீர்களா? இரண்டாவது தடவை கருவி பழகியிருக்கும், பக்கத்தில் நீங்கள் வேறு "அமுக்குலே, அமுக்குலே" என்று சத்தம் போட்டிருப்பீர்கள்.

வண்ணாரப்பேட்டை ஜிம் அண்ணாச்சி:
சத்தம் போடாமல் கபடி ஆட முடியுமா தங்கச்சி? மனதில் தெம்பு வந்து அதனால் பிடி ஏறினால் ஏறட்டுமே, எனக்கு வேண்டியது கணுக்கால் நழுவாமல் இருப்பது. அப்புறம், படித்த நீங்களே ஒன்றை விட்டுவிட்டீர்கள். கல்லூரி விளையாட்டு வீரர்களின் முன்கையில் ஒட்டிப் பார்த்த 2010 ஆய்வில், எவ்வளவு அழுத்துகிறோம் என்கிற உணர்வு துல்லியமானது என்று போட்டிருக்கே, அது எந்தக் கணக்கு?

ஹைகிரவுண்ட் பிசியோ:
நல்ல கேள்வி. அதில் ஆட்களின் முழுப் பிடியில் பாதி அளவை மட்டும், கருவியைப் பார்க்காமல் திரும்ப அழுத்தச் சொன்னார்கள். டேப்போடு பிசகு குறைந்தது, அது சரி. ஆனால் அதே ஆய்வில் முழுப் பிடிவலு கூடவில்லை என்றும் இருக்கிறதே, அந்த வரியை நீங்கள் விட்டுவிட்டீர்கள்! கணுக்காலைப் பிடிக்கும்போது, ஓரத்தில் நின்று பிடிக்கிற எந்தக் கார்னராவது பாதி பலத்தோடு பிடிப்பானா?

முக்கூடல்காரி:
கபடி எனக்குத் தெரியாது, ஆனால் இந்தப் பேச்சு ஆண்பிள்ளைகள் விளையாட்டோடு நின்றுவிடுகிறது. எங்கள் அம்மா பீடி சுற்றுகிறவர். நாள் முழுக்க இலையை வெட்டுவதும் சுருட்டுவதும் நூல் கட்டுவதுமாகவே போகும். வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி வந்து, ஒரு கட்டத்தில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கவே கை விட்டுவிட்டது. சிகிச்சைக்குப் போன இடத்தில் இந்த டேப்பை ஒட்டினார்கள், இரண்டு நாளில் குடம் தூக்கினார். இதையும் மனப்பிரமை என்பீர்களா மேடம்?

ஹைகிரவுண்ட் பிசியோ:
இல்லை அக்கா, அது வேறு கதை. வலி இருக்கிற கையில் பிடி குறைவதற்குச் சதை தேய்ந்ததுதான் காரணம் என்று இல்லை, அழுத்தினால் வலிக்கும் என்று மூளையே கையைப் பாதியில் நிறுத்திவிடும். நாம் எதையாவது பிடிக்கும்போது மணிக்கட்டு பின்னால் சாய்ந்து, ஏறக்குறைய 35 டிகிரியில் நின்றால்தான் விரலுக்கு முழு பலம் கிடைக்கும். அப்படி நிறுத்தி வைக்கிற தசைகள் முழங்கையின் வெளிப்பக்கத்திலிருந்து வருகின்றன, அம்மாவுக்கு வலித்த அதே இடம். அதனால்தான் குடம் கையை விட்டுப் போயிருக்கும். வலி அடங்கினால் பழைய பிடி திரும்பும். டேப் அந்த வலியைத் தணித்திருக்கலாம், ஆனால் அங்கே வேறு என்னென்ன செய்தார்கள் என்றும் பாருங்கள், கைக்கு ஓய்வு, பயிற்சி என்று ஏதாவது சொல்லியிருப்பார்களே. இதே முழங்கை வலி உள்ளவர்களிடம் டேப்பின் பெயரைச் சொல்லாமல் 2017-ல் பார்த்தபோது, ஒட்டிய அந்த நேரத்தில் வலியிலும் பிடியிலும் பெரிய மாற்றம் தெரியவில்லை.

ஒன்று மட்டும் கவனிங்க. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப்போகுது, ராத்திரி கையை உதறிக்கொண்டு எழுந்திருக்கிறார் என்றால் அது மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதாக இருக்கும். அதற்கு டேப் ஒட்டிக்கொண்டே நாளைக் கடத்தாதீங்க.

முக்கூடல்காரி:
பயிற்சி சொன்னார்கள், வாஸ்தவம்தான். முன்கையை மேசைமேல் வைத்து, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைப் பிடித்தபடி மணிக்கட்டை மெதுவாக இறக்கச் சொன்னார்கள். இன்றைக்கும் செய்கிறார். ஆனாலும் டேப் இருந்தால் தெம்பாக இருக்கு என்கிறார், அதை நான் ஏன் பிடுங்கணும்?

ஹைகிரவுண்ட் பிசியோ:
பிடுங்க வேண்டாம். அரிப்போ சிவப்போ வந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள், நம் ஊர் வெயிலில் வேர்வையோடு அது நிறைய பேருக்கு வருகிறது. வெடுக்கென்று உரிக்காமல், எண்ணெய் தடவி ஊறவிட்டு, ரோமம் படிகிற திசையில் எடுக்கணும்.

பனங்காட்டு நரி:
நம்ம கபடிப் பையனை எல்லோரும் மறந்தாச்சு. பிடிவலு வேணும்னா பிடித்துத் தொங்குலே. தென்னங்கயிற்றை மரக்கிளையில் கட்டித் தொங்கு, ஈரத்துண்டை முறுக்கிப் பிழி, இரண்டு கையிலும் மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்று. காசு செலவில்லை.

பாளை கார்னர்:
தொங்குகிறோம் அண்ணாச்சி. ஆனால் போட்டிக்கு முன்னால் கை காய்த்துப் பிய்ந்துபோனால்?

ஹைகிரவுண்ட் பிசியோ:
அதனால் தினமும் வேண்டாம், ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். கடைசி வாரம் குறைத்துவிடு. பிடிக்கும்போது மணிக்கட்டு உள்பக்கம் மடங்காமல் பார்த்துக்கொள் தம்பி. கார்னர்கள் எட்டிப் பிடிக்கிற அவசரத்தில் மடக்கிவிடுகிறீர்கள், எவன் உதறினாலும் அங்கேதான் கழன்றுபோகும். டேப்பைவிட இது பெரிய விஷயம்.

வண்ணாரப்பேட்டை ஜிம் அண்ணாச்சி:
இவ்வளவு பேசியும் எனக்கு மனசு ஒப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் ஜிம்முக்கு வாங்க தங்கச்சி, கருவி இருக்கு, பையன்கள் இருக்கிறார்கள்.

ஹைகிரவுண்ட் பிசியோ:
வருகிறேன். ஆனால் என் முறைப்படி. உட்கார்ந்து, முழங்கையை 90 டிகிரி மடக்கி, தோளை உடம்போடு ஒட்டி வைத்து, மூன்று தடவை அழுத்தச் சொல்லிச் சராசரி எடுக்கணும், நடுவில் ஓய்வு கொடுக்கணும். யாருக்கு டேப் முதலில், யாருக்கு அப்புறம் என்று சீட்டுப் போட்டு முடிவு செய்யணும். ஒட்டும்போது கண்ணைக் கட்டிவிடணும், சும்மா இழுக்காமல் ஒட்டின டேப்போடும் ஒரு தடவை அழுத்தச் சொல்லணும். நீங்கள் வெளியே நிற்கணும், உள்ளே சத்தம் கேட்கக்கூடாது.

வண்ணாரப்பேட்டை ஜிம் அண்ணாச்சி:
என் ஜிம்மில் என்னையே வெளியே நிறுத்துகிறீர்களா! சரி, நிற்கிறேன். பாளைத் தம்பி, அதுவரைக்கும் சுருள் வாங்காதே, ஒட்டிப் பார்க்க என்னிடம் இருப்பதே போதும். உன் அணியில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வா, அந்த மூத்தவர் கட்டாயம் வரணும்.

பாளை கார்னர்:
அவரிடம் சொன்னேன். கண்ணைக் கட்டினால் வரமாட்டேன் என்கிறார்.