சதுரத் தாளில் துல்லியமான ஐங்கோணம்: வழி சொல்லுங்கள்

வணக்கம். சதுரத் தாளில் சமபக்க முக்கோணம் எளிது. நடுக்கோட்டை மடித்து, கீழ் மூலை ஒன்றை அந்தக் கோட்டின்மேல் வைத்து, மடிப்பு மறு கீழ்மூலை வழியாகப் போனால் 60 பாகை கிடைத்துவிடும். அறுகோணத்துக்கும் அதுவே போதும். ஐங்கோணம்தான் படுத்துகிறது.

நீளப் பட்டையை முடிச்சிட்டு அழுத்தினால் ஒழுங்கான ஐங்கோணம் வரும், அழகான வழிதான். ஆனால் எனக்கு முழுச் சதுரத்திலிருந்து, அளவுகோலோ கோணமானியோ இல்லாமல், ஐங்கோணத்தின் மையக் கோணமான 72 பாகை வேண்டும். தோராய முறைகளில் ஒரு பக்கம் சற்றே நீண்டுவிடுகிறது. 12 ஐங்கோணங்களை ஒட்டிப் பன்னிருமுகி செய்யும்போது அது இடைவெளியாகத் தெரிகிறது.

72 பாகைக்குத் தேவையான √5 பாதித் தாளின் மூலைவிட்டத்தில் இருக்கிறது, சரி. அப்புறம் எந்த மூலையை எந்தக் கோட்டில் வைக்க வேண்டும்? கவராயமும் நேர்விளிம்பும் கொண்டு துல்லியமாக வரைய முடியாத ஒழுங்கான எழுகோணமே மடிப்புக்கு அடங்கும் என்பதால், இதற்கும் நல்ல வழி இருக்கும். தெரிந்தவர்கள் படிப்படியாகப் படம் வரைந்து காட்டினால் பேருதவி.