நீரிழிவும் எலும்பு முறிவும்: சீரியம் ஆக்சைடு ஏன்?

கேள்வி:
வணக்கம். நீரிழிவு உள்ளவர்களுக்கு முறிந்த எலும்பு ஒன்றுசேரத் தாமதமாவதற்கு ஆக்சிஜனேற்ற அழுத்தமும் (செல்களைச் சிதைக்கும் வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் மிகுந்துபோவது) ஒரு காரணம் என்று படித்தேன். எலும்பு இடைவெளியை நிரப்பும் பொருளில், இம்மூலக்கூறுகளை அடக்கும் வைட்டமின் சி சேர்ப்பதைவிட, சீரியம் என்ற உலோகத்தின் ஆக்சைடு நானோ துகள்களைச் சேர்ப்பதில் ஆய்வாளர்கள் ஆர்வம் காட்டுவது ஏன்?

பதில் 1:
வைட்டமின் சி நீரில் எளிதில் கரைந்து, முறிவிடத்திலிருந்து விரைவில் வெளியேறிவிடும். சீரியமோ மூன்று, நான்கு ஆகிய இரு மின்னேற்ற நிலைகளுக்கிடையே மாறி மாறிச் செல்லக்கூடியது என்பதால், அத்தகைய மூலக்கூறுகளில் ஒன்றான சூப்பராக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாகவும், அதனை நீராகவும் ஆக்சிஜனாகவும் மாற்றிய பிறகும் தீர்ந்துபோகாமல் மீண்டும் செயல்படுகிறது. உடலில் இவ்வேலையைச் செய்பவை சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ் என்னும் இரு நொதிகள்.

பதில் 2:
மேலே கூறியது சரியே; ஆனால் அமிலச் சூழலில் இதே துகள்கள் ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும் பக்கம் சாயக்கூடும். தொற்றுள்ள இடமும், எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களின் அடிப்பகுதியும் அமிலத்தன்மை கொண்டவை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தவிர, வெள்ளணுக்கள் கிருமிகளைக் கொல்வதற்கும் செல்கள் ஒன்றுக்கொன்று சைகை அனுப்புவதற்கும் சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற மூலக்கூறுகள் ஓரளவு தேவை. முழுவதும் துடைத்தெடுப்பது நோக்கமாகாது.

பதில் 3:
1969-இல் லாரி ஹெஞ்ச் உருவாக்கிய 45எஸ்5 என்னும், எலும்போடு பிணையக்கூடிய உயிர்க் கண்ணாடியிலும் சீரியத்தைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். அளவு மிகுந்தால் கண்ணாடியை எலும்போடு ஒட்டவைக்கும் அப்பட்டைட் (எலும்பின் கனிமத்தை ஒத்த கால்சியம் பாஸ்பேட்) படலம் உருவாவது தாமதப்படும்.

கேட்டவர்:
நன்றி. அமிலத்தன்மையை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.