நயாசின் இருக்க ஸ்டேட்டின் எதற்கு?

கணக்குப்பிள்ளை:
“ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை வேண்டாம், நயாசின் என்கிற பி3 வைட்டமினே இதயத்தைக் காப்பாற்றும்” என்று நேற்று தனிவழி எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. என் அண்ணன் இப்படி யாரோ சொன்னதைக் கேட்டுத்தான் மாத்திரையை நிறுத்தினார். எட்டாவது மாதம் மாரடைப்பு. 1994இல் வந்த 4எஸ் ஆய்வைப் பாருங்கள். 4444 இதய நோயாளிகள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 256 பேர் இறந்தார்கள், சிம்வாஸ்டேட்டின் எடுத்தவர்களில் 182 பேர். வைட்டமினில் இப்படி ஒரு கணக்கு காட்டுங்கள்.

தனிவழி:
காட்டுகிறேன். கரோனரி டிரக் புராஜெக்ட் என்ற ஆய்வு. மாரடைப்பிலிருந்து பிழைத்த ஆண்களுக்குத் தினம் 3 கிராம் நயாசின். 15 ஆண்டுக் கணக்கு 1986இல் வெளியானது. இறப்பு 11 சதவீதம் குறைவு. முதல் ஸ்டேட்டினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 1987இல்தான். உங்கள் அண்ணனுக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறேன், ஆனால் அந்தப் பழியை என் தலையில் போடாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
பாதியை விழுங்கிவிட்டீர்கள். அந்த ஆய்வு முடிந்தபோது மொத்த இறப்பில் வித்தியாசமே இல்லை. 11 சதவீதம் தெரிந்தது, மாத்திரையை நிறுத்தி ஏறக்குறைய 9 ஆண்டு கழித்து! நிறுத்திய மாத்திரைக்கு எப்படிப் பெருமை சேர்க்கிறீர்கள்?

தனிவழி:
ஆய்வு நடக்கும்போதே உயிர் பறிக்காத மாரடைப்புகள் குறைந்தன. அதை விழுங்கியது யார்? வாஸ்காப்ஸ் ஆய்வில் பிராவாஸ்டேட்டின் கொடுத்தது சுமார் 5 ஆண்டுதான். 20 ஆண்டுக் கணக்கிலும் பலன் தெரிகிறது என்று உங்கள் பக்கத்தவர்கள்தான் கொண்டாடுகிறார்கள். உங்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?

கணக்குப்பிள்ளை:
வாஸ்காப்ஸில் ஆய்வு முடிவதற்குள்ளேயே பலன் தெரிந்துவிட்டது. 6595 ஆண்கள், 1995. நயாசினுக்கு இறப்புக் கணக்கில் அப்படியா? 9 ஆண்டு கழித்து. அதை விட்டு நகராதீர்கள்.

செவ்வந்தி:
இரண்டு பேரும் எண்களிலேயே நிற்கிறீர்கள். நான் ஸ்டேட்டின் ஆரம்பித்த மூன்றாவது வாரம் மாடிப்படி ஏறினால் கெண்டைக்கால் இறுகிக் கல்லாகிவிடும். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினேன். டாக்டரிடம் சொன்னால் “வயசு” என்றார். அதையும் கணக்கில் சேருங்கள்.

அடைமழை:
செவ்வந்தி அக்கா, சாம்சன் ஆய்வு 2020இல் வந்தது. ஸ்டேட்டினைத் தாங்க முடியாமல் நிறுத்திய 60 பேர். மருந்து மாதம், வெற்று மாத்திரை மாதம், எதுவுமே எடுக்காத மாதம் என்று மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். மருந்தோடு வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்தது.

செவ்வந்தி:
அப்படியென்றால் என் கால் பொய் சொன்னதா? மீதி 10 சதவீதத்தில் நான் இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? போன மாதம் வைட்டமின் டி திரியிலும் இப்படித்தான் என் வாயை அடைத்தீர்கள், மறக்கவில்லை.

அடைமழை:
அந்தத் திரியை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? அதில் முதலில் மரியாதை தவறியது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

கணக்குப்பிள்ளை:
வலி உண்மைதான் அக்கா. மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், டாக்டரை மாற்றலாம். தனிவழிக்கு வருகிறேன். 2002இல் ஹார்ட் புரொடெக்‌ஷன் ஸ்டடி. 20,536 பேர். ஒரே ஆய்வில் இரண்டையும் சோதித்தார்கள். சிம்வாஸ்டேட்டின் பக்கம் இறப்பு 12.9 சதவீதம், வெற்று மாத்திரை பக்கம் 14.7. வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் சேர்த்துக் கொடுத்ததில்? ஒன்றுமில்லை.

தனிவழி:
அதில் நயாசின் எங்கே இருக்கிறது? நான் பேசுவது பி3. ஊருக்குப் போகிற வழி கேட்டால் கிணற்றைக் காட்டுகிறீர்கள். அப்புறம், 14.7க்கும் 12.9க்கும் வித்தியாசம் 1.8தான். இதற்கா இத்தனை ஆரவாரம்?

கணக்குப்பிள்ளை:
1.8 என்றால் 1000 பேரில் 18 உயிர், 5 ஆண்டில். அந்தப் பதினெட்டில் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் இப்படி எழுதுவீர்களா? நயாசின் எங்கே என்றீர்களே, இதோ. ஸ்டேட்டினோடு நயாசின் சேர்த்துப் பார்த்த எய்ம்-ஹை ஆய்வு 2011இல் பலன் தெரியாமல் பாதியில் நின்றது. 2014இல் வெளியான ஹெச்பிஎஸ்2-த்ரைவில் 25,673 பேர். மாரடைப்பு குறையவில்லை. சர்க்கரை நோயும் ரத்தக் கசிவும் கூடின.

தனிவழி:
த்ரைவில் கொடுத்தது வெறும் நயாசின் இல்லை. முகம் சிவக்காமலிருக்க லாரோபிப்ரன்ட் என்று இன்னொன்றைக் கலந்தார்கள். நான் நயாசின் எடுக்கிறேன். அரை மணி நேரத்தில் காது மடல் தகிக்கும், கழுத்து வரை நெருப்பாக இறங்கும், அப்புறம் தணியும். என் டாக்டர் பார்வையில்தான் எடுக்கிறேன். வைட்டமின்தான் எடுக்கிறேன், மருந்தை அல்ல.

அடைமழை:
உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 16 மில்லிகிராம். நீங்கள் சொல்வது 3 கிராம். இதற்குப் பெயர் வைட்டமினா?

தனிவழி:
உங்களிடம் பேசவில்லை. கணக்குப்பிள்ளை, 11 சதவீதம். பதில் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
சொல்லிவிட்டேன். 9 ஆண்டு கழித்து.

செவ்வந்தி:
என் காலுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.